பாதுஷா காட்டிய வழி

முக்கியமான முடிவு எதையும் எடுக்கும் முன் குதிரை ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. வீடு கொள்ளாத புத்தகங்களை வைத்திருப்பவள் நான். ஜோசியம், வாஸ்து, ராசிக்கல் எல்லாவற்றையும் கிண்டல் செய்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனாலும் வேலையை விடலாமா, இந்த வீட்டை வாங்கலாமா என்று மனம் ஊசலாடும் நேரத்தில் தெருவில் கல்யாண ஊர்வலம் போனால், மாப்பிள்ளையின் குதிரை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். இதனால் நஷ்டமும் பட்டிருக்கிறேன். குதிரையை நான் குறை சொல்லவில்லை.

இந்தக் கோளாறு தொற்றியபோது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தெலுங்கு நாட்டுத் தலைநகரில், மல்காஜ்கிரியில் குடியிருந்தோம். அம்மாவின் தங்கையான என் சித்தி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, அமீர்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் புத்தி பேதலித்து உலகமே நின்றுவிடும் என்று சொல்லி, அப்படி எதுவும் நடக்காமல் எல்லோரும் சற்று ஏமாந்துபோயிருந்த வருஷம் அது.

எங்கள் தமிழ்ச் சபையில் அப்போது ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் விசா நேரமாக மாறியிருந்தது. வாரம் ஒருவர் எழுந்து, தகுதியே இல்லாத தமக்குக் கர்த்தர் அமெரிக்காவின் கதவைத் திறந்த விதத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர்களில் பாதிப்பேர் சித்தியிடம் படித்தவர்கள் என்பதால், தகுதியில்லை என்று அவர்கள் சொன்னதைச் சித்தி மறுக்கவில்லை. ஒரு ஞாயிறு அவளே எழுந்து நின்றாள். கர்த்தர் தன்னை மங்கோலியாவுக்கு ஊழியத்துக்கு அழைக்கிறார் என்றும், அங்கே ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தபடி ஊழியம் செய்யப்போவதாகவும் சொன்னாள். பின்வரிசையிலிருந்த ஒரு மாமா பக்கத்திலிருந்தவரிடம், "அங்க எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அவள் தங்கைக்காக நியூஜெர்சி மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்து வைத்திருந்தாள். அவருடைய அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று சைனிக்புரியில் வீடு கட்டியவர். "பட்டாளத்துக் குடும்பம், ஒண்ணுக்கும் அசைய மாட்டாங்க" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். ஆடி மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. போகிறேனா இல்லையா என்று மிஷனரி சங்கத்துக்குச் சித்தி பதில் சொல்ல வேண்டியதும் அந்த வாரத்துக்குள்தான்.

"கர்த்தர் வழிநடத்துவார், அக்கா" என்பாள் சித்தி.

"வழிநடத்தட்டும், யாரு வேண்டாம்னா? நியூஜெர்சிக்கு வழி அவருக்குத் தெரியாதாக்கும்?" என்பாள் அம்மா.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் இருவரும் அருகருகே முழங்காலில் நின்றார்கள். சித்தி, கதவைத் திறந்தருளும் என்று கேட்டாள். அம்மா, உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும் என்று தாராளமாக ஆரம்பித்து, "ஆனாலும் ஆண்டவரே" என்று ஒரு மூச்சு விடுவாள். அந்த 'ஆனாலும்' வந்துவிட்டால் அன்றைக்குச் சோறு தாமதம்தான். அப்பா நடுநிலை வகித்தார், அதாவது தூங்கினார். என் தமிழ் வீட்டிலும் கோயிலிலும் பொறுக்கியது. பள்ளியில் தெலுங்கும் இந்தியும்தான். ஆகவே உம்முடைய சித்தம் என்றால் உம்முடைய சித்தி என்பதன் மரியாதையான வடிவம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த வீட்டு நிலவரத்துக்கு அது அவ்வளவு தப்பும் இல்லை.

குதிரை வந்த கதை இதுதான். மங்கோலியாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு மிஷனரி அம்மாள், பனிக்காலத்தில் அங்கே பாதை மூடிப்போகும், குதிரை ஏறத் தெரிந்தால் நல்லது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். சித்தி எதையும் போகிறபோக்கில் எடுத்துக்கொள்கிறவள் அல்ல. அவளிடம் படித்துவிட்டுத் துபாய்க்குப் போன ஒரு பையனின் அப்பா, கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். நாங்கள் சாச்சா என்று கூப்பிடுவோம். பையனுக்கு வேலை கிடைத்த நன்றியில் அவர் தம்முடைய வெள்ளைக் குதிரையைச் சாயங்காலங்களில் ரயில்வே மைதானத்துக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டார். அதன் பெயர் பாதுஷா. பெயரைக் கேட்ட அன்றே எனக்கு அதன்மேல் பிரியம் வந்ததற்கு இனிப்புதான் காரணம்.

"ஏட்டி, குதிரை மேல மாப்பிள்ளைலா ஏறுவான்? நீ ஏறினா ஊரு என்ன சொல்லும்?" என்று அம்மா கத்தினாள். சித்தி சுரிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். என்னைத் தனக்கு முன்னால் உட்காரவைத்து, கை இரண்டையும் என் வயிற்றில் கோத்துக்கொள்வாள். சாச்சா கயிற்றைப் பிடித்து முன்னால் நடப்பார். ஒருநாள், வழிநடத்துதல் என்றால் என்ன என்று சித்தியிடம் கேட்டேன். அவள் சாச்சாவின் முதுகைக் காட்டி, "இந்தா, இதான்" என்றாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கே போகிறோம் என்று நமக்குத் தெரியாது. கயிற்றின் அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும்.

ஆனால் பாதுஷாவுக்கு ஒரு பழக்கம். கொஞ்சம் நடக்கும், நின்றுவிடும். ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் சினேகிதர்கள் ஆடுவதற்காக நின்று நின்று பழகிய குதிரை அது. வெற்று மைதானத்தில் யாருமே ஆடாவிட்டாலும், ஆடி முடிக்கிற அவகாசத்தைக் கொடுத்த பிறகே காலை எடுத்து வைக்கும். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு ஒரு கழுதைக் கதை சொல்லியிருந்தார்கள். எஜமானின் கண்ணுக்குத் தெரியாத தேவதூதன் கழுதையின் கண்ணுக்குத் தெரிந்தானாம். அது நகர மறுத்ததாம். பாதுஷா நிற்கும் இடமெல்லாம் நான் தேவதூதனைத் தேடினேன். பிறகு யாருக்கும் சொல்லாமல் கடவுளோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். பாதுஷா ஒருமுறையாவது நிற்காமல் மைதானத்தைச் சுற்றிவந்தால் சித்தி போகலாம். நின்றால் போகக் கூடாது. குதிரையின் குணம் தெரிந்துதான் இந்த நிபந்தனையை வைத்தேன். சித்தி போவதை நானும் விரும்பவில்லை.

பெண் பார்க்க வரவிருந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. "சாச்சா, இன்னைக்குக் கயிறு சோட்தோ" என்றாள் சித்தி, விட்டுவிடுங்கள் என்று.

"நக்கோ மேடம். ஷாதி கா கோடா ஹை" என்றார் சாச்சா. கல்யாணக் குதிரையம்மா, வேண்டாம்.

மங்கோலியாவில் கயிறு பிடிக்க யார் வருவார்கள் என்று சித்தி கேட்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே விட்டார். பாதுஷா நடந்தது. நிற்கும் இடம் வந்தது, நிற்கவில்லை. அடுத்த இடமும் வந்தது, நிற்கவில்லை. மைதானத்தை முழுசாகச் சுற்றிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடவுள் பதில் சொல்லிவிட்டார், அதுவும் எனக்குப் பிடிக்காத பதில்.

எங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் பாதுஷாவுக்குத் தெரிந்திருந்தது. தெலுங்குக்காரர்கள் ஆஷாட மாதம் முழுக்கக் கல்யாணம் செய்வதில்லை. அதனால்தான் குதிரை எங்களுக்கு ஓய்வாகக் கிடைத்தது. நமக்கு ஆடி முடியும் முன்பே அவர்களுக்குச் சிராவணம் பிறந்துவிடும். கிறிஸ்தவ வீட்டில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? காலையிலிருந்து எங்கெங்கோ மேளம் கேட்டு, குதிரை நிற்கப் பொறுமையில்லாமல் வேலைக்குத் தயாராக இருந்திருக்கிறது.

மதில் சுவருக்கு அப்பால் பேண்டு வாத்தியம் முழங்கியது. பாதுஷாவின் காதுகள் நிமிர்ந்தன. சாச்சா "அரே! அரே!" என்று ஓடிவருவதற்குள் அது மைதானத்து வாசலைத் தாண்டிச் சாலையில் இறங்கிவிட்டது. ஷேர் ஆட்டோக்கள் ஒதுங்கின. மிளகாய் பஜ்ஜி வண்டிக்காரர் எண்ணெய்ச் சட்டியைக் காப்பாற்றக் கரண்டியோடு எழுந்து நின்றார். சித்தி என் காதுக்குள் கத்தினாள். இயேசுவே என்று கத்தவில்லை, கர்த்தாவே என்றும் இல்லை. "அக்கா! அக்கா!" என்று கத்தினாள்.

பாதுஷா தனக்குப் பழக்கமான ஃபங்ஷன் ஹாலின் சீரியல் விளக்கு வளைவுக்கு அடியில் போய், ஒரு சிலையைப்போல நின்றது. குதிரை வந்துவிட்டது என்று பேண்டுக்காரர்கள் இன்னும் பலமாக வாசித்தார்கள். சின்னப் பையன்கள் ஆடத் தொடங்கினார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெரியம்மா ஆரத்தித் தட்டோடு வந்து, எங்களை நிமிர்ந்து பார்த்து, "பெள்ளிக்கொடுகு ஏடி?" என்றார். மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த சாச்சா எங்களை இறக்கிவிட்டார்.

வீட்டில் நான்தான் கதையைச் சொன்னேன். கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியாட்டி? கயித்த விட்டதும் கர்த்தர் உன்னை எங்க கொண்டு நிறுத்தினார்னு பாத்தியா? கல்யாண மண்டபத்துல!"

"வாசல்லதானே நிறுத்தினார்? உள்ள கூட்டிட்டுப் போகலையே" என்றார் அப்பா. அந்த விவகாரத்தில் அவர் விழித்திருந்து சொன்ன ஒரே கருத்து அது.

எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் சிரிக்கட்டும் என்று, சித்தி கடவுளைக் கூப்பிடாமல் அக்காவைக் கூப்பிட்ட கதையையும் எடுத்துவிட்டேன். சித்தி சிரித்தாள், அப்பா சிரித்தார். அம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அடுப்பில் ஒன்றுமே இல்லாத சமையலறைக்குள் போய்விட்டாள். அன்று குடும்ப ஜெபத்தில் 'ஆனாலும்' வரவில்லை.

மறுநாள் சைனிக்புரியிலிருந்து யாரும் வரவில்லை. "நான்தான் வர வேண்டாம்னுட்டேன்" என்றாள் அம்மா, யாரும் கேட்பதற்கு முன்பே. அடுத்த வாரம் கோட்டி பஜாருக்குப் போய் நீலக் கம்பளி நூல் வாங்கிவந்து ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தாள். சித்தி சங்கத்துக்குச் சம்மதம் சொல்லி, டிசம்பரில் பேகம்பேட்டையிலிருந்து விமானம் ஏறினாள். கை நீளம் சற்று அதிகமாகிப்போன அந்த நீல ஸ்வெட்டரை அப்போதே போட்டிருந்தாள்.

அன்று எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. குதிரை மேல் உட்கார்ந்த ஒவ்வொரு சாயங்காலமும் என் வயிற்றில் கோத்திருந்த அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. குதிரை நடுங்குவதால் எங்களுக்கும் உடம்பு ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். விசுவாசம் உள்ளவர்களுக்குப் பயம் இருக்காது என்று ஞாயிறு பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சித்திக்கோ விசுவாசம் இருந்தது. ஆகவே நடுங்கியது குதிரைதான். இரண்டும் ஒரே ஜோடிக் கையில் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பாதுஷாவுக்குத் தெரிந்திருக்கலாம்.

அம்மா மனம் மாறியது அந்த 'அக்கா' என்ற கூப்பாட்டால்தான் என்பது வளர்ந்த பிறகு நான் கண்டுபிடித்த உண்மை. விட்டுவிட்டுப் போகத் துணிந்த தங்கை உயிர்பயத்தில் கூப்பிட்டது தன்னைத்தான் என்று தெரிந்தபின் அவளைத் தடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. இதை நான் மேடைகளில்கூடச் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் கண் கலங்கியிருக்கிறது. போன வருஷம் அம்மாவிடமே சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, தலை நிமிராமலே சொன்னாள்:

"அதெல்லாம் ஒண்ணுமில்லட்டி. ராவோட ராவா சங்கதி தெரிஞ்சு, குதிரை ஏறித் தெருவுல போற பொண்ணு வேண்டாம்னு அவங்கதான் போன் போட்டுச் சொன்னாங்க. பட்டாளத்துக்காரங்க குதிரைக்குப் பயப்படுவாங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?"