காலியாக இருந்த காய்ச்சல் பெஞ்சு

இன்று காலை மூச்சுத்திணறல் என்று என் மனைவியைத் தில்லை நகரில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். ஊரெல்லாம் காய்ச்சல், உள்ளே நிற்க இடமில்லை. ஓரத்தில் ஒரு பெஞ்சு மட்டும் காலி. அவளை அதில் உட்காரவைத்தேன்.

எதிரே இருமிக்கொண்டிருந்த ஓர் அம்மா பதறிவிட்டார். "ஐயா, போர்டைப் பாருங்க. அது காய்ச்சக்காரங்க உக்கார்ற எடம்."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. உங்களுக்குக் காய்ச்சல் இல்லீங்களா?"

"லேசா இருக்கு. அங்க உக்காந்தா எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க."

என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நாம இங்கயே இருப்போங்க. இங்கதான் யாரும் இருமல."

கொரோனா வருஷம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில், காய்ச்சல் வந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே வராதபடி வாசலில் தகரம் அடித்தார்கள். அதற்குப் பயந்தே கோடிவீட்டுக்காரர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பால் வாங்க, காய் வாங்க என்று தினமும் போய்வந்தார். கடைசியில் தெருவுக்கே தகரம் அடித்தார்கள்.

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் வந்து, "காய்ச்சல் உள்ளவங்கள டாக்டர் முதல்ல பாக்குறாங்க, அந்த பெஞ்சுக்கு வாங்க" என்றார்.

பாதிப்பேர் எழுந்து எங்களை நோக்கி வந்தார்கள். முதல் ஆள் அந்த அம்மாதான். நான் மனைவியை அவசரமாக வாசல் காற்றுக்குக் கூட்டிப்போனேன்.

தகரம் அடிக்க வந்தவர்கள், "பாலும் காயும் தினம் வாசலுக்கே வரும்" என்று சொல்லியிருந்தால், கோடிவீட்டுக்காரரே அந்தத் தகரத்துக்கு ஒரு பக்கம் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?