ஈரச் சாக்கும் விழுந்துகொண்டே இருந்த சுவிட்சும்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். பிறகு ஓசூர், பெங்களூரு, திருப்பூர். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ஈரத்தரையில் நின்று மோட்டாரைத் தொட்டதில் இடது கையின் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. அதற்குப் பிறகுதான் மின்வேலை கற்றேன்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் டீக்கடை நடத்தும் அக்கா தன் பின்கட்டு அறையை எனக்குக் கொடுத்திருந்தார். வாடகைக்குப் பதில் கடையின் மின்வேலை. அங்கே ஒரு ட்ரிப் சுவிட்சை மாட்டினேன். மின்சாரம் தரையிலோ ஆள் உடம்பிலோ கசிந்தால், கண்ணிமைப்பதற்குள் அது தானே விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும்.

சித்திரைப் பௌர்ணமி மதியம். தார் கொதித்தது, நடப்பவர்கள் காலில் செருப்பு கிடையாது. அவர்களுக்காகச் சாலையில் சாக்கு விரித்து, தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருப்பது ஊர் வழக்கம். அக்காவும் ஊற்றினார். தண்ணீர் தந்த மோட்டார் எதிர்ப்புறக் கொல்லையில்; அதற்கு மின்சாரம் சாலையைக் கடந்து அக்கா கடையிலிருந்து போனது.

சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டேன். மறுபடி விழுந்தது.

"இன்னா தம்பி, உன் பொட்டி சும்மா சும்மா மயக்கம் போட்டு வுழுது? அதுவும் வெரதமா?" என்றார் அக்கா.

டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு ரப்பர் பேண்டால் சுவிட்சைத் தூக்கிக் கட்டினார். அப்படியும் மோட்டார் ஓடவில்லை.

"கட்டி வெச்சாலும் நிக்காதுக்கா. உள்ளாறயே கட் பண்ணிடும்."

"அப்ப அத்தக் கழட்டிட்டு டைரக்டா குடு. சாக்கு காயுது பாரு, ஜனங்க காலு வெந்துடும்."

"குடுக்க மாட்டேன்க்கா."

"இந்த வேலைக்குத்தானே உன்ன வெச்சிருக்கேன்? முடியாதுன்னா ரூம காலி பண்ணு. வேற ஆளக் கூப்டுக்கறேன்."

ரப்பர் பேண்டை அவிழ்த்தேன். சாக்கு காய்ந்திருந்தபோது தூக்கிவிட்டேன்; விழாமல் நின்றது. அக்கா நாலாவது குடத்தை ஊற்றியதும் விழுந்தது. மெயினை அணைத்துவிட்டுப் போய்ச் சாக்கைப் புரட்டினேன். அடியில் மோட்டார் ஒயர். மூங்கிலில் உயரத்தில் நான் கட்டியிருந்தது.

காலையில் அன்னதான அண்டாக்கள் ஏற்றி வந்த வண்டிக்கு வழிவிட யாரோ அதை இறக்கிப் போட்டிருக்கிறார்கள். நடப்பவர்கள் தடுக்கி விழாமலிருக்க அதன்மேல் சாக்கு விரித்தவர் அக்காவேதான். ஒயரின் நடுவே இரண்டு துண்டுகளை இணைத்திருந்த ஒட்டில் டேப் ஊறிப் பிரிந்திருந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அந்த ஈரச் சாக்கில் நடந்து போனாள்.

"அந்தப் பொட்டி வுழலன்னா?" என்றார் மெதுவாக.

"இந்நேரம் யாராச்சும் வுழுந்திருப்பாங்க."

ஒட்டே இல்லாத வேறு ஒயரை மூங்கிலில் உயர்த்திக் கட்டினேன். கடைக்குள் போவதற்குள் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஈரச் சாக்கின்மேல் ஏறி நின்றுகொண்டார்.

"போடு தம்பி."

போட்டேன். தண்ணீர் வந்தது. சுவிட்ச் விழவில்லை.

என்னிடம் மின்வேலைச் சான்றிதழ் எதுவும் இல்லை. அன்று பொழுது சாயும்வரை அந்தச் சாக்கில் எத்தனை வெறுங்கால்கள் நடந்தன என்று எனக்குத் தெரியாது. டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா சுவரைக் காட்டிச் சொன்னது மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது: "நம்ம தம்பி மாட்டுன பொட்டிங்க. நான் திட்டியும் கழட்டல."