பெயரில் மட்டும் பாசி

இயற்பியல் லேப் அசிஸ்டென்டிடம் எல்லாரும் சாமான் கேட்பார்கள். அந்தச் சாமானைப் பற்றி மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். என்னைப் போல லேப்பில் காலம் தள்ளும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். என் அலமாரியில் எனக்குப் பிடித்தது லைக்கோபோடியம் பவுடர். வெளிர்மஞ்சள் நிறம், முகப்பவுடரைவிட நைசு. கண்ணாடித் தட்டில் தூவி லேசரை அடித்தால் திரையில் வட்டம் வட்டமாக விழும். அதை அளந்து, தூளின் ஒரு துகள் எவ்வளவு பெரிது என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள்.

வந்து இறங்கிய சாமான்

ஒருமுறை பவுடர் தீர்ந்துவிட்டது. அவசரத்துக்கு ஆபீஸ் கிளார்க்கிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். மறுநாள் இரண்டு பேர் மூச்சு வாங்க மேடையில் பேசுபவர் முன்னால் வைக்கும் மரப் பீடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்கள். நான் கீழே ஓடிப்போய்க் கேட்டபோது கிளார்க் முகத்தில் கொஞ்சமும் கலவரம் இல்லை.

“லைட்டு போடியம்னுதான மேடம் சொன்னீங்க? இருக்கிறதுலயே வெயிட் கம்மியாப் பாத்து அனுப்பிச்சேன்.”

சீட்டாடுற கிளப்பா?

டில்லி முதல் வருட மாணவன். கடப்பாக்கத்துக் கடலோரப் பையன், அப்பா மீன் பிடிப்பவர். ஒருநாள் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, அதில் ‘கிளப் மாஸ்’ என்று போட்டிருக்கிறதே, சீட்டாடுற கிளப்பா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்கும் பதில் தெரியாது. வருடக்கணக்காகக் கையில் புழங்கும் பொருளின் பெயருக்கு அர்த்தம் தெரியவில்லையே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஊர் நூலகத்தில் உட்கார்ந்தேன். அகராதி, தாவரவியல் புத்தகம் எல்லாம் புரட்டினேன். இந்தப் பவுடர் ஒரு செடியின் வித்துத்தூள். இங்கே கிளப் என்றால் தலை தடித்த கட்டை, மாஸ் என்றால் பாசி. வித்து இருக்கும் கதிர் அப்படி நிமிர்ந்து நிற்பதால் அந்தப் பெயர். லைக்கோபோடியம் என்றால் கிரேக்கத்தில் ஓநாய்க்கால். ஆனால் இந்தச் செடி பாசி இனமே இல்லை. பாசிக்கு இல்லாத நீர்க்குழாய் இதற்கு உண்டு. பெரணிக்குத் தூரத்து உறவு. எல்லாவற்றையும் தமிழில் எழுதி டப்பாவில் ஒட்டினேன். அடுத்த வகுப்பில் டில்லி அதை நிதானமாகப் படித்தான்.

“ஓநாயும் இல்ல, கிளப்பும் இல்ல, பாசியும் இல்ல. பேரு வெச்சவரு செடியப் பாத்தாராக்கா?”

வாய் திறந்த நாள்

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அவர் டில்லியிடம் இந்தப் பவுடர் எந்தப் பாசியிலிருந்து வருகிறது என்று கேட்டார். இது பாசி இல்லை சார் என்றான் டில்லி. பெயரிலேயே பாசி என்று இருக்கிறதே என்று அவர் கடுப்பாகி, மார்க்கைக் குறைத்து எழுதினார். டில்லிக்கு அதற்கு மேல் ஆங்கிலத்தில் வாதாட வரவில்லை.

வைவா என்ற இந்த வாய்மொழித் தேர்வு நடக்கும்போது நம்மைப் போன்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேன்: பையன் சொன்னதுதான் சரி சார், இந்தச் செடிக்குத் தண்ணி ஏறுற குழாய் இருக்கு, பாசிக்குக் கிடையாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனை எடுத்து வெகுநேரம் படித்தார். பழைய மார்க்கை அடித்துவிட்டு, புதிது எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

“பேரை மட்டும் படிச்சிட்டு இத்தனை வருஷமா கேள்வி கேட்டிருக்கேம்மா.”

அம்மாவின் விரல்

கல்லூரியில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள். செய்யூரிலிருந்து இரண்டு பஸ் மாறி அம்மா வந்தாள். பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டுத்தான் என்னைப் படிக்கவைத்தாள். எல்லார் முன்னாலும் அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். தண்ணீர் மேல் அந்தப் பவுடரைத் தூவி, விரலை உள்ளே விடச் சொன்னேன். வெளியே எடுத்தபோது விரல் துளியும் நனையவில்லை. தூள் தண்ணீரை ஒட்டவிடாது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அம்மா மட்டும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாங்க சேத்துல நின்னுகினு இருந்தப்ப இத்தக் காலுல தடவியிருந்தா, சேத்துப்புண்ணே வந்திருக்காதேடி.”

பதினான்கு வருடத்தில் எனக்குப் பதவி ஒரு படிகூட ஏறவில்லை, ஆனால் தலை மட்டும் நன்றாகவே நிமிர்ந்துவிட்டது.