கைதட்டாத வாப்பா

டிவியில் ராக்கெட் கிளம்பியதும் பேரன் கைதட்டினான். எனக்குச் சாய்ந்தமருதுக் கடற்கரை நினைவுக்கு வந்தது.

ரஷ்யா முதல் செயற்கைக்கோளை ஏவிய வருடம். மஃரிபு தொழுதுவிட்டு ஊரே மணலில் அண்ணாந்து நின்றது. ஒளிப்புள்ளி ஒன்று நகர்ந்து போனதும் எல்லோரும் கைதட்டினார்கள். வாப்பாவின் தம்பி, வலக் கை இல்லாத சாச்சா, இடக் கையால் தொடையில் தட்டினார். அவருடைய காக்காவான என் வாப்பா மட்டும் தட்டவில்லை.

"ஏன் வாப்பா?" என்றேன்.

"அமெரிக்கா வரைக்கும் குண்டு கொண்டுபோகத்தான் அந்த ராக்கெட்டச் செஞ்சவங்களாம், மகள். ரேடியோவுல கதைச்சாங்க. இப்ப அதுல கோள ஏத்தியிருக்காங்க. அமெரிக்காவும் சும்மா இருக்குமா?"

"கோள் நல்லதுதானே, காக்கா?" என்று சாச்சா சிரித்தார்.

"ஓம். கல்லுடைக்கிற வெடியும் நல்லதுதான்."

சாச்சாவின் சிரிப்பு நின்றது. அணைக்கட்டு வேலைக்குப் போன இடத்தில் கிடைத்த வெடியை, மீன் பிடிக்கலாமென்று கடலுக்குக் கொண்டுவந்தவர் வாப்பா. அதைத் தம்பியின் கையில் கொடுத்து எறியச் சொன்னவரும் அவர்தான். இடக் கையால் உண்ண மனமில்லாத சாச்சாவுக்கு, அது கையிலேயே வெடித்த நாளிலிருந்து வாப்பாதான் ஊட்டிவிட்டார். கோள் பார்த்த அன்றிரவும் ஊட்டினார். தலை நிமிரவில்லை.

"நீங்களும் தட்டுங்க, உம்மும்மா" என்றான் பேரன்.

இடக் கையால் தொடையில் தட்டினேன்.