ஒரே கேள்வியை இரண்டு வாயால் கேட்டவர்

"ஞானம் அங்கிள் மோசம் போயிட்டாராம்" என்று வாட்ஸப்பில் செய்தி வந்தபோது, மெல்பேர்ன் டண்டினொங்கில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் தேநீர் இடைவேளை. நான் நம்பவில்லை. எங்கள் ஆட்கள் உயிரோடு இருப்பவருக்கே மாலை போட்டுப் படம் அனுப்பிவிடுவார்கள். அனுப்பியவரை விட்டுவிட்டு வேறொருவரை அழைத்துக் கேட்டேன். "ஓம் தம்பி, விடியத்தான். ஹார்ட் அற்றாக்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதேன். எதையும் இரண்டாம் ஆளிடமும் கேட்கப் பழக்கியதே ஞானம் அங்கிள்தான்.

அவரை அறிந்த உங்களில் பாதிப் பேர் அவரைச் சந்தேகித்தீர்கள். மறைக்க வேண்டாம், நானும்தான். சிக்காகோவில் வாழ்ந்து, வயதான காலத்தில் மெல்பேர்னுக்கு மகளிடம் வந்தவர், கோயில் அன்னதான வரிசையில் நின்றுகொண்டு, "எங்க இருக்கிறீர்? வாடகைக்கோ? வீடு பாக்கப் போன இடத்தில என்ன சொன்னவங்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தால் யார்தான் சந்தேகப்படமாட்டார்கள்? படகில் வந்து தற்காலிக விசாவில் இருக்கும் எங்களுக்கு, கேள்வி கேட்பவன் எல்லாம் இமிகிரேசன்காரனின் ஆள்தான். என்னிடம் கேட்டபோது நான் சிட்னியில் செவன் ஹில்ஸில் இருப்பதாக வாய் கூசாமல் புளுகினேன். அவர் என் சட்டையில் இருந்த கொம்பனிப் பெயரைப் பார்த்தார். "செவன் ஹில்ஸில இருந்து ஒவ்வொரு நாளும் டண்டினொங் வந்து வேலை செய்யிறீர். கெட்டிக்காரன்!" என்று சிரித்தார்.

அந்த மனிதரிடமே நான் போய் நிற்கும்படி ஆயிற்று. நாங்கள் இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். மனைவி நிறைமாதம். பார்க்கப் போன வீடெல்லாம் சிரித்த முகத்தோடு காட்டுவார்கள். பிறகு சத்தமே இராது. கிளேட்டனில் ஒரு வீட்டுக்கு முகவர் என் பெயரைக் கேட்டதும், "மன்னிக்கவும், கொடுத்தாயிற்று" என்றார். அங்கிள் தன் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பீற்றரைக் கூப்பிட்டு, அதே வீட்டைப் பற்றி அதே முகவரிடம் கேட்கச் சொன்னார். "இருக்கிறது, சனிக்கிழமை வந்து பாருங்கள்" என்று ஸ்பீக்கரில் பதில் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அவன் எவ்வளவு அன்பாக் கதைச்சவன் தெரியுமே அங்கிள்!"

"அன்பாக் கதைக்கிறவனைத்தான் ரெண்டாந்தரம் கேக்கவேணும். ஒரே கேள்வியை ரெண்டு வாயால கேளும், அப்பத்தான் பதில் வரும்."

அன்று குசினிக் கதிரையில் இருத்தி, அடுப்பில் தேநீர் வைத்தபடி சிக்காகோவைச் சொன்னார். தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால், ஒரு தெரு வரும்போது வெள்ளை முகங்கள் எல்லாம் இறங்கிவிடுமாம். அதற்கப்பால் கறுப்பு முகங்களோடு மட்டும் பஸ் போகும். உடைந்த வீடுகள், பூட்டிய கடைகள். "ஆரும் இறங்கச் சொல்லேல்ல. அறிவிப்புப் பலகையும் இல்லை. ஆனா எல்லாருக்கும் தெரியும், தான் எங்க இறங்கவேணுமெண்டு."

அங்கே நிறம் பார்த்து வீடு கொடுக்கிறார்களா என்று வீட்டுக்காரர்களைச் சோதிக்கும் தொண்டர்களோடு சேர்ந்திருக்கிறார். முதலில் ஒரு கறுப்பின ஆசிரியை போய்க் கேட்டார். வீடு இல்லை என்றார்கள். அடுத்து இவரை அனுப்பினார்கள். இவருக்கு வீட்டைத் திறந்து காட்டி, உடுப்புத் தோய்க்கும் அறை வரை கூட்டிப்போய், எப்போது குடிவருகிறீர்கள் என்று கேட்டார்களாம். "எனக்கும் இல்லையெண்டிருந்தா கோவம் வந்திருக்கும் தம்பி. இருக்கெண்டு சொல்லிப்போட்டாங்கள். அதுதான் எனக்குப் பயமாப் போச்சு" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. கிடைத்த வீட்டுக்கு யாராவது பயப்படுவார்களா?

பிறகு எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. தந்தவரும் தமிழர்தான், குலம் அண்ணை என்று வைத்துக்கொள்வோம்; வாசித்தால் அவருக்குத் தன்னைத் தெரியும். ஒரே வளவில் ஒட்டினாற்போல் இரண்டு சிறு வீடுகள் அவருக்கு இருந்தன. "எங்கட பிள்ளையள்தானே, விசாவைப் பற்றி நான் கேக்கமாட்டன். மற்ற வீடும் சும்மாதான் கிடக்கு, ஆரும் இருந்தாச் சொல்லும்" என்றார். மனைவி தெய்வம் என்றே சொல்லிவிட்டாள். அங்கிளின் முகம் மட்டும் மலரவில்லை.

"உம்மோட வேலை செய்யிற ஜேக்கப்பும் வீடு தேடுறான் எண்டனீர். மற்ற வீட்டை அவனைக் கேக்கச் சொல்லும்."

ஜேக்கப் தென் சூடானைச் சேர்ந்தவன். மனைவியும் பிள்ளைகளுமாக மச்சானின் கராஜில் குடியிருந்தான். கேட்டான். நேற்றே கொடுத்தாயிற்று என்றார் குலம் அண்ணை.

நான் அங்கிளோடு சண்டைக்குப் போனேன். "இப்ப என்ன செய்யச் சொல்றியள்? மனுசியோட நான் றோட்டில நிக்கிறதோ?"

"வீட்டை எடும். வேண்டாமெண்டு சொல்ல நான் ஆர்? ஆனா உமக்கு ஏன் கிடைச்சதெண்டு தெரிஞ்சுகொண்டு எடும்."

எடுத்தோம். மகள் அங்கேதான் பிறந்தாள். கொடுத்தாயிற்று என்ற அந்தப் பக்கத்து வீடு, எங்கள் ஆட்கள் ஒரு குடும்பம் வந்து சேரும்வரை நெடுநாள் பூட்டியே கிடந்தது.

போன கிழமை அங்கிளின் செத்தவீட்டில் குலம் அண்ணைதான் முதலில் பேசினார். "எல்லாரையும் ஒண்டாப் பாத்த மனுசன்" என்று கண்ணைத் துடைத்தார். கடைசி வரிசையில் தனியாக நின்ற ஜேக்கப்பை அவருடைய கண் ஒருதரமும் தொடவில்லை. வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டு, பக்கத்து வீடு மறுபடி காலியாகிவிட்டது, நல்ல ஆட்களாகப் பார்த்துச் சொல்லும் என்றார்.

இன்னும் கராஜிலேயே இருக்கும் ஜேக்கப்புக்கு அந்த வீட்டைக் கேட்கப்போவதாக அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன். குலம் அண்ணை முகத்தை முறித்தால் எங்கள் வீடும் போகும் என்பது அவளுக்கும் தெரியும். சோற்றைப் பிசைந்தாள். பிறகு, "ஜேக்கப்பின்ர மனுசியையும் கூட்டிக்கொண்டு போங்கோ. குசினியை அவதானே பாக்கவேணும்" என்றாள்.

அங்கிளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டாவது கேள்வியை. அதை யாருக்காகக் கேட்பது என்பதைத்தான் இத்தனை நாள் யோசித்திருக்கிறேன்.

நேற்று தேநீர் இடைவேளையில் ஜேக்கப் முதலில் குலம் அண்ணையை அழைத்தான். வீடு போய்விட்டது என்று பதில். அவன் பக்கத்தில் இருக்கும்போதே நான் அழைத்து, ஒரு குடும்பம் தேடுது, வீடு இருக்கோ என்று கேட்டேன்.

"இருக்குத் தம்பி, பின்னேரமே வரச் சொல்லும். எங்கட ஆக்கள்தானே?"

"ஓம் அண்ணை, எங்கட ஆக்கள்தான்" என்றேன். "நானே கூட்டிக்கொண்டு வாறன்."