குண்டு மிஷினில் எரியாத விளக்கு

சூடேறிய சின்ன பல்புகளின் மேல் கருகும் தூசியும், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும், திறந்த கதவு வழியாக வரும் கருவாட்டுக் காற்றும் கலந்த ஒரு வாசனை. உலகத்தில் வேறெங்கும் அப்படியொரு வாசனை இருக்க முடியாது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த மோகன் அண்ணனின் வாடகை சைக்கிள் கடைக்குள் நுழைந்தால் முதலில் அந்த வாசனைதான் வரும். பிறகு ‘டக், டக், டிங்’ என்று இரும்புக் குண்டு எகிறும் சத்தம் கேட்கும்.

தெருவில் அதற்குக் ‘குண்டு மிஷின்’ என்று பெயர். துறைமுகத்துக்கு வெளியே வெளிநாட்டு மாலுமிகள் பொழுதுபோக்க ஒரு கூடம் இருந்தது. அதை மூடியபோது நாற்காலி, மேசைகளோடு இதையும் ஏலத்தில் விட்டார்கள். எதை எடுக்கிறோம் என்று தெரியாமலே மோகன் அண்ணன் எடுத்துவிட்டார். நான்கு கால், சாய்வான மேசை போன்ற உடம்பு, அதற்குக் கண்ணாடி மூடி. தலைமாட்டில் ஒரு படக் கண்ணாடி, அதற்குப் பின்னால் விளக்கு. இரண்டு பக்கமும் இருக்கும் பொத்தான்களை அழுத்தினால் உள்ளே இரண்டு குட்டித் துடுப்புகள் குண்டைத் தட்டி மேலே அனுப்பும். தட்டத் தவறினால் குண்டு அடியில் போய் மறைந்துவிடும். கோபத்தில் மிஷினைப் பிடித்து உலுக்கினால் எல்லா விளக்கும் அணைந்துபோகும். அதற்கு ‘மிஷின் கோச்சிக்கிச்சு’ என்போம்.

படக் கண்ணாடியில் இருந்தது ஏதோ ஒரு வெளிநாட்டு டிவி தொடரின் படம். புயலில் ஒரு கப்பல், தாடி வைத்த கேப்டன், கயிறு பிடித்த நாலைந்து பேர், ஓரத்தில் பாறை மேல் லாந்தரோடு நிற்கும் ஒரு பெண். அந்தத் தொடரை எங்கள் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. கேபிள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது; டிவியில் வந்ததெல்லாம் உரம் போடுவதைப் பற்றிய பேச்சும் வெள்ளிக்கிழமைப் பாட்டும்தான். ஆனால் கடலில் பிழைக்கிற தெரு, ஒரு கப்பல் படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்குமா? கேப்டன் யாரோடு சண்டை போட்டான், கயிறு பிடித்தவர்களில் யார் துரோகி என்று வாரத்துக்கு ஒரு கதை கட்டினோம். விசைப்படகு ஆட்கள் வந்தால் கதையே அவர்களுக்கு வேண்டாம். “இந்தக் காத்துல எவனாச்சும் பாயை விரிச்சி வெப்பானா? கேப்டனா இவன்? கேணையன்!” என்று கேப்டனை வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள்.

ஆட்டத்தின் குறி எளிமையானதுதான். மேசையின் நடுவில் கப்பலிலிருந்து ஒரு வீடு வரைக்கும் வரிசையாகச் சின்ன விளக்குகள். குண்டு சரியான இடங்களில் பட்டால் ஒவ்வொன்றாக எரியும். எல்லாம் எரிந்தபின் குண்டு மேல் மூலைக் குழிக்குள் விழுந்தால், கடைசியாக வீட்டு விளக்கு எரிய வேண்டும்; கப்பல் வீடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வீட்டு விளக்கு எரிந்ததை மட்டும் யாரும் பார்த்ததில்லை. மிஷின் சரியில்லை என்று யாராவது முணுமுணுத்தால் போதும், மோகன் அண்ணன் ரெடியாக வைத்திருப்பார்: “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

பெண்பிள்ளைகள் அந்தக் கடைப் பக்கம் போகிற வழக்கமில்லை. நான் போனேன் என்றால் அதற்குக் காரணம் லூர்து அத்தை, என் நைனாவின் தங்கை. விடியலில் காசிமேட்டில் மீன் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் விற்று முடித்து, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் வழியில் கடை வாசலில் நிற்பாள். அவள் நிற்கும்போது நான் ஆடினால் ஒருவன் வாய் திறக்கமாட்டான். அத்தையின் நாக்குக்கு ஏலக்காரர்களே பயப்படுவார்கள்.

அவள் ஆட்டத்தைப் பார்க்க நிற்கவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அந்தப் பாறை மேல் நிற்கிற பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “அது யாரோ சைடு ஆக்டு” என்று ஒரு பையன் சொன்னதற்கு அவனுக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது. “அவதான்டா கதையே!” என்று முடித்தாள்.

அவள் புருஷன் சவரிமுத்து மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரர், ‘பண்டாரி’ என்பார்கள். போகும் துறைமுகத்திலிருந்தெல்லாம் தபால் போடுகிற மனிதர்; திடீரென்று தபால் நின்றுபோனது. கப்பல் கைமாறிவிட்டது என்றார்கள். ஏதோ நாட்டில் ஆட்களை இறக்கிவிட்டார்கள் என்றார்கள். புயலில் போய்விட்டது என்றும் சொன்னார்கள். எதற்கும் ஆதாரம் இல்லை. முதல் வருஷக் கல்லறைத் திருநாள் வந்தபோது வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. அடுத்த வருஷம் எடுத்தார்கள்.

கிறிஸ்தவர்களான எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் திருநாள் பூசைக்கு அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் கொடுக்க வேண்டும். கடலில் போனவருக்குக் கல்லறை கிடையாது. பூப்போட, மெழுகுவர்த்தி ஏற்ற இடம் கிடையாது. பெயர் வாசிக்கப்படுவதுதான் அடக்கம். கொடுத்துவிட்டால் மனைவி விதவை. “இலவு காத்த கிளி மாதிரி எத்தினி நாளிக்கி குந்திகினு இருப்ப? பேரைக் குடுத்துடு லூர்து, அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசையாச்சும் கெடைக்கட்டும்” என்றார் நைனா. “செத்தவங்களுக்குத்தான பூசை? உசுரோட கீறவருக்கு இன்னாத்துக்கு?” என்று அத்தை கூடையைக் கழுவப் போய்விட்டாள். நைனா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர், மாமாவுக்குத் தோஸ்து. அவர் பிடிவாதமாக இருந்தது தங்கையை நினைத்து மட்டும் அல்ல, தோஸ்துக்காக ஒருமுறை வாய்விட்டு அழ அவருக்கும் அனுமதி வேண்டியிருந்தது என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

திருநாள் நெருங்க நெருங்க நச்சரிப்பு தாங்காமல், ஒருநாள் கடை வாசலிலேயே, எல்லார் காதிலும் விழ, அத்தை ஒரு பொருத்தனை செய்தாள். “பேரு வாங்கறது முடியறதுக்குள்ள இந்தக் கப்பலு வூடு சேந்துச்சுன்னா நான் பேரு குடுக்க மாட்டேன். சேரலைன்னா, அண்ணன் சொல்றபடி குடுத்துடறேன்.” மாதாவிடம் வைக்க வேண்டிய பொருத்தனையை மிஷினிடம் வைக்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த மிஷினில் யாரும் விளையாட்டுக்கு ஆடவில்லை. விசைப்படகு ஆட்கள் கரையேறியதும் நேராக அங்கே வந்தார்கள். கேப்டனைக் கேணையன் என்றவர்கள் இப்போது “வாடா மாமு, வந்துடு” என்று அவனைக் கெஞ்சினார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், சகல புனிதர் திருநாள். சாயந்தரப் பூசையோடு பெயர் வாங்குவது முடிந்துவிடும். மத்தியானம் என் முறை வந்தது. அன்றைக்கு என் கை எப்படி அப்படி ஓடியது என்று எனக்குத் தெரியாது. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போயின. கடைசியில் இடது துடுப்பால் தட்டினேன். குண்டு நேராக மேல் மூலைக்குப் போய், குழிக்குள் விழுந்து, மணி அடித்தது.

வீட்டு விளக்கு எரியவில்லை.

“தப்பு. விளிம்புல பட்டுருக்கும்” என்றான் ஒருவன். நானே அத்தைக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டதுபோல இருந்தது. அத்தை கூடையைக் கீழே வைத்தாள். “குண்டு உள்ள போச்சா இல்லியா?” என்று கேட்டாள். போச்சு. “மணி அடிச்சுதா?” அடிச்சுது. “அப்ப இன்னாத்துக்கு வெளக்கு எரியல? மோகனு, கண்ணாடியைத் தொற.”

மோகன் அண்ணன் மிஷினை அணைத்து, கண்ணாடியை உருவி, வீட்டுக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! “பல்பே இல்லக்கா” என்றார். மாலுமிகள் கூடத்தில் யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மற்ற எல்லா விளக்கும் எரிந்ததால் அவரும் பார்க்கவில்லை. அத்தனை நாளும் எத்தனையோ பேர் குண்டை அந்தக் குழியில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நாங்கள்தான் ‘தப்பு’ என்று தீர்ப்பு சொல்லி அனுப்பியிருந்தோம். ஆடியவர்கள்மேல் குற்றமில்லை, கூடம் நிஜமாகவே கோணல்தான்.

“அப்ப அந்தக் கேப்டன் இத்தினி நாளா வூட்டுக்கு வந்துகினுதான் இருந்துகீறான். நம்பளுக்குத்தான் தெரியல” என்றாள் அத்தை. கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சாயந்தரம் பூசைக்கு வந்தாள், சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு, பெயர் கொடுக்கவில்லை. நைனா மோகன் அண்ணனோடு வெகுகாலம் பேசவில்லை. மோகன் அண்ணன் சைக்கிள் டைனமோ பல்பு ஒன்றை ஒயர் முறுக்கி அங்கே ஒட்டிவைத்தார். அளவுக்கு மீறிப் பிரகாசமாக, அந்த வீடு பற்றிக்கொண்டதுபோல எரியும்.

பிறகு கேபிள் வந்தது. தெருப் பிள்ளைகள் வீட்டுக்குள் போனார்கள். மிஷின் காயலாங்கடைக்குப் போனது. வாடகை சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். நைனா தன் தோஸ்துக்காக அழாமலே போய்ச் சேர்ந்தார். அத்தை செய்தது சரியா என்று அவரை நினைக்கும்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் தோன்றி, அந்தத் தொடரைப் போனில் தேடிக் கண்டுபிடித்தேன். பார்க்க ஆளில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்களாம். கப்பல் வீடு சேர்ந்ததா என்பதை எடுத்தவர்களே முடிவு செய்யவில்லை.

இந்தத் தவக்காலத்தில் லூர்து அத்தை இறந்துபோனாள், கடைசிவரை கலர் சேலைதான். கல்லறைத் திருநாளுக்கு அவள் பெயரைக் கொடுக்க மாதவரத்திலிருந்து ராயபுரம் போயிருந்தேன். கோயில் அலுவலகத்தில் இருந்த இளைஞர் பெயரை எழுதிக்கொண்டு, “அவங்க வீட்டுக்காரர் பேரையும் சேர்த்துடலாமா மேடம்? வயசைப் பார்த்தா அவரும்...” என்று இழுத்தார்.

ஆபீசில் வேலை பார்க்கப் போய், வருஷக்கணக்காக என் வாயில் வராத தெருப் பேச்சு அப்போது தானாக வந்தது.

“வாணாம்பா” என்றேன். “அவரு கப்பல்ல கீறாரு.”