பினாங்கில் தோல் நீக்க அறுவை: நாற்பத்தாறாம் நாள் சாப்பிட்ட இரண்டு முட்டைகள்

1. நான் சுப்பையா மகன் மகேந்திரன், வயது நாற்பத்தேழு. மலேசியாவில், பேராக் மாநிலம் தைப்பிங்கில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். நில உரிமை மாற்ற ஆவணங்களே என் அன்றாட வேலை.

2. நான் மருத்துவன் அல்லன். இங்கே எழுதியிருப்பது என் உடலுக்கு நேர்ந்தது மட்டுமே. இதைப் படிப்பவர் எவரும் தம் மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாக இதைக் கொள்ளக் கூடாது.

3. கட்டணங்களும் நேரங்களும் நான் சென்ற நாளில் இருந்தவை. மருத்துவமனையின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

4. இந்தப் பயணத்தில் ஒரு தவறு நடந்தது. அது முழுக்க என்னுடையது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் எடை நூற்று ஐம்பத்தெட்டு கிலோ. இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைக்குப் பிறகு அது எண்பத்தேழுக்கு இறங்கி, ஓராண்டுக்கு மேலாக அங்கேயே நிற்கிறது. எடை போனது, தோல் போகவில்லை. அடிவயிற்றில் அது தொடை வரை மடிந்து தொங்கியது. மடிப்புக்குள் வியர்வை தங்கிப் புண் வரும். மருந்து போட்டால் ஆறும், பத்து நாளில் மீண்டும் வரும். ஒவ்வொரு காலையும் மடிப்பைத் துடைத்து, பருத்தித் துணி வைத்துக் கட்டி, அதன்மேல் கால்சட்டை அணிய இருபத்தைந்து நிமிடம் ஆகும். நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும்போது ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொள்வேன். பார்ப்பவர்கள் அதைப் பணிவு என்று எண்ணியிருக்கலாம்.

கடந்த ஆண்டின் பிற்பகுதியில் புண் ஆறுவதையே நிறுத்திவிட்டது. அதனால்தான் பினாங்கு. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் விசாரித்தேன். வயிற்றுத் தோல் நீக்கத்தைத் தொடர்ந்து செய்துவரும் மருத்துவர், தமிழ் பேசுபவர், வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவர் என்ற மூன்று நிபந்தனைகளும் ஜார்ஜ் டவுனில்தான் ஒன்றாகப் பொருந்தின.

திங்கட்கிழமை காலை 8.05க்கு நானும் என் மனைவி கலைவாணியும் தைப்பிங்கில் ரயில் ஏறினோம். ஒருவருக்கு இருபத்து மூன்று வெள்ளி, அதாவது ரிங்கிட். பட்டர்வொர்த்தில் இறங்கும்போது மணி 9.10. நிலையத்திலிருந்து ஃபெரி துறைக்கு நடைபாதை உண்டு. பெட்டியை உருட்டிக்கொண்டு பத்து நிமிடம். ஃபெரிக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி. கடலைக் கடக்கக் கால்மணி நேரம்கூட ஆகாது. பாலம் வழியாகக் காரில் வருவதைவிட இதுவே உடலுக்கு இதம். ஆனால் இது போகும் வழிக்கு மட்டுமே பொருந்தும். திரும்பும் வழியைப் பின்னர் சொல்கிறேன்.

தங்குவதற்கு ஜார்ஜ் டவுனை ஒட்டிய ஜெலுத்தோங்கில் ஓர் அறையை முன்பதிவு செய்திருந்தோம். நாளொன்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. வீட்டுக்காரர் ரெஜினா அக்கா, ஓய்வு பெற்ற குமாஸ்தா, அறுபதைத் தாண்டியவர். மின்தூக்கி உள்ள அடுக்குமாடி, நடக்கும் தூரத்தில் சந்தை, மருத்துவமனைக்கு ஐந்து கிலோமீட்டர். அறுவைக்கு வருபவர்கள் கடற்கரைப் பக்க விடுதிகளைவிட இப்படியோர் இடத்தைத் தேடுவது நல்லது.

அன்று பதினொரு மணிக்கு மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள்; நான்கு பக்கப் படிவம் ஒன்றும் கொடுத்தார்கள். நான் அதை விளையாட்டாக நிரப்பவில்லை. மருந்துகள் என்ற கேள்விக்கு இணைப்பு ‘அ’ என்று தனித்தாள் வைத்தேன். கழுத்துவலிக்குத் தடவும் தைலத்தைக்கூட விடவில்லை. புகை இல்லை, மது இல்லை, ஒவ்வாமை இறாலுக்கு மட்டும். உணவுமுறை என்ற கட்டத்தில் ‘தற்போது சைவம்’ என்று எழுதினேன். அது உண்மை.

உண்மையின் மீதிப் பகுதி இது. அறுவை நல்லபடியாக முடிய வேண்டும் என்று பினாங்கு தண்ணீர்மலை முருகனுக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் நேர்ந்திருந்தேன். தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்கள் இருக்கும் அதே விரதம்: தரையில் படுக்கை, சைவம், பகலில் ஒரே ஒரு வேளைச் சோறு. வியாழன் நாற்பத்தெட்டாம் நாள், வெள்ளி அறுவை என்று நாள்களைப் பின்னோக்கி எண்ணி ஆரம்பித்திருந்தேன். கலைவாணி முதல் வாரமே வேண்டாம் என்றாள். மருத்துவமனைக்குத் தெரிய வேண்டிய சங்கதியானால் கேட்பார்கள் என்று பதில் சொல்லியிருந்தேன்.

மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர்மலைக்குப் போனோம். ஜெலுத்தோங்கிலிருந்து வாடகைக்கார் பன்னிரண்டு வெள்ளி. ஓட்டுநர் செல்வம், முப்பத்தைந்து வயது இருக்கும். படிகள் ஐந்நூறுக்கு மேல். ஏறத்தாழ இருநூறாவது படியில் எனக்குக் கண் இருட்டியது. பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கலைவாணி தண்ணீர் கொடுத்தாள். மேலே போகவில்லை. இறங்கி வந்து, காத்திருந்த காரில் ஏறியபோது செல்வம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அண்ணே, மொகம் வெளுத்துக் கெடக்கு. சாப்டீங்களா?”

மதியம் சாப்பிட்டேன் என்றேன். அதுவும் உண்மை.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மருத்துவர் எங்களை அழைத்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். இரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு என் படிவத்தை எடுத்தார். இணைப்பு ‘அ’வைப் பொறுமையாகப் படித்தார். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். ஒரு வேளை என்றேன். எத்தனை நாளாக என்றார். இன்று நாற்பத்தாறு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“மிஸ்டர் மகேந்திரன், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றது கோர்ட்ல சரி. இங்க நான் எதிர்ப்பார்ட்டி வக்கீல் இல்ல.”

நான் விரதத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். “எனக்கு வெளக்க வேணாம். தைப்பூசத்துக்கு நானும் விரதம் இருக்கிறவதான். ஆனா என் வயித்த யாரும் இடுப்புலேர்ந்து இடுப்பு வரைக்கும் வெட்டப் போறதில்ல.”

என் ஹீமோகுளோபின் 9.2. புரத அளவும் குறைவு. இரைப்பை சுருக்கப்பட்ட ஒருவர் ஒரு வேளையில் உண்ணும் கைப்பிடிச் சோற்றில் அவ்வளவு நீளமான காயத்தை மூடுவதற்கான சத்து இருக்காது. தையல் ஓரங்கள் பிரிந்தால் இப்போதுள்ள புண்ணைவிடப் பெரிய புண் வரும் என்றார். வெள்ளிக்கிழமை அறுவை இல்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு வெள்ளிக்கிழமை அவரிடம் காலியாக இருந்தது. அதற்குள் ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட வேண்டும், புரதமும் ஏற வேண்டும். தொடாவிட்டால் அடுத்த இடம் நான்கு மாதத்துக்குப் பிறகுதான். ஆறாத புண்ணோடு நான்கு மாதம் என்னால் முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து, இன்னும் இரண்டு நாள்தானே, விரதத்தை முடித்துவிட்டே சாப்பிட ஆரம்பிக்கிறேன் என்று கலைவாணியிடம் வாதாடினேன். இருபது நிமிடம் பேசியிருப்பேன். நேர்ந்துகொண்டதை ஒருதலையாக மாற்றுவது சரியல்ல என்பது என் நிலைப்பாடு. அவள் ஆசிரியை. முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் பேசினாள்.

“முருகன்கிட்ட கேஸ் நடத்தாதீங்க. ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னுதானே வேண்டிக்கிட்டீங்க? அது முடியணும்னா சாப்பிடணும். இதுல எங்க ரெண்டு பக்கம் இருக்கு?”

நான் வாதத்தை நிறுத்தினேன். அதனால் ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. அறைக்குத் திரும்பினோம்.

கலைவாணி வாசலிலேயே ரெஜினா அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் எதுவும் கேட்காமல் இரண்டு முட்டைகளை அரைவேக்காடாக அவித்து, கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, சோயா சாறும் மிளகுத்தூளும் போட்டு என் முன்னால் வைத்தார். பினாங்கில் எந்தக் கோப்பிக் கடையிலும் கிடைக்கும் காலை உணவு. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“தம்பி, பாத்துக்கிட்டே இருந்தா அது குஞ்சு பொரிக்காது.”

மருத்துவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை, அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவே என்று அக்காவிடம் சொன்னேன். ஏன் அவரிடம் போய் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அதத்தான் லா நாங்க மறைக்கிறதுன்னு சொல்றோம்,” என்றார் அக்கா. “எங்களுக்கும் தவக்காலம் உண்டு. நானும் கறி சாப்பிட மாட்டேன். ஆனா டாக்டர் ஊசி போட வந்தா வாயத் தொறந்து சொல்லிடுவேன்.”

நான் சாப்பிட்டேன். மணி 12.40. கண்ணில் நீர் வந்தது மிளகினால் அல்ல.

அடுத்த மூன்று வாரம் ஜெலுத்தோங்கிலேயே தங்கினேன். ஐந்து நாளுக்கு ஒருமுறை இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருந்தது. மூன்று முறை, முறைக்கு நானூற்று இருபது வெள்ளி. கலைவாணி பள்ளிக்குத் திரும்பிச் சனிக்கிழமைகளில் வந்தாள். ரெஜினா அக்கா சாப்பாட்டையும் சேர்த்து நாளுக்கு நூற்றுப் பத்து வெள்ளி என்றார். என் இரைப்பை கொள்வது மிகக் குறைவு என்பதால் நாளை ஆறாகப் பிரித்தார்: முட்டை, சோயாப் பால், மீன் சூப், கடலை, தவ்ஹு எனும் சோயாக்கட்டி, மறுபடி மீன். காயம் ஆறுவதற்கு இங்கே எல்லா இனத்தவரும் நம்புவது ஹாருவான் மீனை, அதாவது நம் விராலை. செல்வம் சந்தையிலிருந்து உயிரோடு வாங்கி வருவார். தண்ணீர்ப் பையில் அது திமிறிக்கொண்டிருக்கும். விரதமிருந்து ஆபரேஷனையே தள்ளிவைத்த முதல் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று மற்ற ஓட்டுநர்களிடம் அவர் சொல்லி வந்ததைப் பிற்பாடு அறிந்தேன். ஆட்சேபிக்கவில்லை.

காலையில் சந்தை வரை நடந்தேன். முதல் வாரம் இரண்டு இடங்களில் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாம் வாரம் நிற்காமல் போய், கீரைக்காரப் பெண்ணிடம் பேரமும் பேசினேன்.

மூன்றாம் வாரப் புதன்கிழமை மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 11.3. புரதம் எல்லைக்குள். தாதி புதிய படிவம் கொடுத்தார். இம்முறை இணைப்பு மூன்று பக்கம். விரதம் தொடங்கிய நாள், முறித்த விதம், படியில் கண் இருட்டியது, அதற்கு முன் அலுவலகத்தில் இருமுறை தலைசுற்றி எவரிடமும் சொல்லாமல் இருந்தது எல்லாவற்றையும் எழுதினேன். ‘வேறு ஏதேனும்’ என்ற கட்டத்தை என் தொழிலில் நான் எப்போதும் கோடிட்டு அடித்துவிடுவேன். அங்கே ‘பயமாக இருக்கிறது’ என்று எழுதினேன். மருத்துவர் மற்ற பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டு அந்த வரியில் நின்றார். மயக்க மருந்தில் தொடங்கி வடிகுழாய் எடுப்பதுவரை எது எத்தனை நேரம் ஆகும் என்று அரைமணி நேரம் சொன்னார். முதல் சந்திப்பில் அதைச் சொல்லும்படி நான் அவருக்கு இடமே தரவில்லை.

வெள்ளி காலை எட்டு மணிக்கு உள்ளே போனேன். நான்கரை மணி நேரம். நீக்கிய தோலின் எடை 4.1 கிலோ. நான்கு இரவு மருத்துவமனை. மொத்தக் கட்டணம் இருபத்தெட்டாயிரத்து நானூறு வெள்ளி. என் காப்புறுதி ஒப்பந்தம் இதை அழகுச் சிகிச்சை என்கிறது. அதை மறுத்து நிறுவனத்தோடு நான் நடத்தும் கடிதப் போக்குவரத்து இன்னும் நடக்கிறது. வலி எதிர்பார்த்ததைவிடக் குறைவு, இறுக்கம் எதிர்பார்த்ததைவிட அதிகம். முதல் வாரம் முழுவதும் கூனித்தான் நடந்தேன். தையல் ஓரங்கள் எங்கும் பிரியவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. எடை ஓராண்டாவது அசையாமல் நின்ற பிறகு போங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் ஊரில் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ஒரு மாலை வேலை, செய்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. திரும்புவதற்கு ரயிலையும் ஃபெரியையும் நம்ப வேண்டாம். வடிகுழாய்கள் எடுத்த பிறகு, அறுவையிலிருந்து பதினான்காம் நாள் செல்வத்தின் காரில் திரும்பினேன். பாலக் கட்டணம் உட்பட இருநூற்று இருபது வெள்ளி. வயிற்றுக்கும் இருக்கைப் பட்டைக்கும் இடையே மெல்லிய தலையணை வையுங்கள். காயம் ஆறும்வரை வயிற்றைச் சுற்றி அணியும் அழுத்தப் பட்டையை இரண்டாக வாங்குங்கள். ஒன்று காயும்போது மற்றொன்று வேண்டும். தரைத்தளத்திலோ மின்தூக்கி உள்ள இடத்திலோ தங்குங்கள். விரதம், நோன்பு, நாட்டு மருந்து எதுவானாலும் படிவம் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். என் விரதத்தில் மிஞ்சிய நாள்கள், துல்லியமாகச் சொன்னால் இரண்டரை, இன்னும் நிறைவேறவில்லை. மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் நிறைவேற்றுவேன்.

இந்தப் பதிவை வெளியிடும் முன் சாட்சிகள் இருவரிடமும் படிக்கக் கொடுத்தேன். ரெஜினா அக்கா தொலைபேசியில் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சோயா சாறு சரி, மிளகு மட்டும் அவ்வளவு போடவில்லை என்றார். கலைவாணி ஒன்றைச் சேர்க்காமல் கையெழுத்திட மறுத்தாள். அது நடந்ததாக எனக்கு நினைவில்லை. எனவே என் வாக்குமூலமாக அல்லாமல், சாட்சியின் சொல்லாகவே, அவள் சொன்னபடி சேர்க்கிறேன்:

“ஆபரேஷன் முடிஞ்சு எட்டாவது வாரம், ஞாயித்துக்கெழம காலையில, இவரு குளிச்சிட்டு இடுப்புல துண்டோட வாசலுக்குப் போயி பேப்பர எடுத்துக்கிட்டு வந்தாரு. எதிர்வீட்டு அங்கிளு கைய ஆட்டுனாரு, இவரும் ஆட்டுனாரு. கல்யாணமாகி பத்தொம்பது வருஷம். சட்ட இல்லாம இவரு வாசப்படி தாண்டி நான் பாத்ததே இல்ல. உள்ள வந்து உக்காந்து வெளயாட்டுப் பக்கத்தப் படிச்சாரு. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா போயி சட்ட போட்டுக்குவாருன்னு.”

மேற்கண்டவை நான் அறிந்தவரை உண்மை. கடைசிப் பத்தி சாட்சி அறிந்தவரை உண்மை.

ஒப்பம்:
சு. மகேந்திரன்
தைப்பிங்

சாட்சிகள்:
ம. கலைவாணி, தைப்பிங்
ரெஜினா மேரி, ஜெலுத்தோங், பினாங்கு